டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், தன் பழைய கார்புரேட்டர் கார் ஏற்றத்தில் திணறுகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜினுக்குள் நாக்கிங் சத்தம் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்குக் கொடுக்கப்பட்ட பதில் இதுதான்: டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் பாகம்) போல்ட்டைத் தளர்த்துங்கள், இன்ஜின் ஓடும்போதே மெல்லத் திருப்புங்கள், எந்த இடத்தில் சத்தம் சீராகி வேகம் கூடுகிறதோ அங்கே இறுக்கிவிடுங்கள். நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள், பல மெக்கானிக்குகளும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வாசகர் சொன்ன கோளாறுக்கு இது நேர் எதிரான வைத்தியம். அவர் அதைச் செய்து பார்த்தால் நாக்கிங் கூடத்தான் செய்யும். பழைய கார்கள் மேல் எனக்கு ரொம்பப் பிடிப்பு உண்டு, நல்ல இன்ஜின்கள் இந்த ஒரு பழக்கத்தால் வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் மாறுவது டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். அதில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் பொறி விழுந்த அந்தக் கணமே பெட்ரோல் கலவை முழுக்க எரிந்துவிடுவதில்லை. தீ ஓரிடத்தில் பிடித்து சிலிண்டர் முழுக்கப் பரவ ஒன்றிரண்டு மில்லி செகண்டாவது ஆகும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத நேரம். ஆனால் 800 ஆர்.பி.எம்மில் ஓடும் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) ஒரு மில்லி செகண்டுக்குள் கிட்டத்தட்ட 5 டிகிரி திரும்பிவிடும், 3000 ஆர்.பி.எம்மில் 18 டிகிரி திரும்பிவிடும். எரிந்த வாயுவின் அழுத்தம் உச்சத்துக்கு வரவேண்டியது பிஸ்டன் தன் பாதையின் மேல் முனையான டாப்பைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ 15 டிகிரியில். அப்போதுதான் கிராங்க்கைத் தள்ளுவதற்குத் தோதான கோணம் கிடைக்கும். ஆகவே பொறி டாப்புக்கு முன்பே விழவேண்டும், வேகம் கூடக் கூட இன்னும் முன்னால் விழவேண்டும்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இதை மூன்று பேர் பங்குபோட்டுச் செய்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை நாம் எந்தக் கோணத்தில் வைத்து இறுக்குகிறோமோ அது அடிப்படை டைமிங், பல இன்ஜின்களில் டாப்புக்கு முன் 5 முதல் 12 டிகிரிக்குள் இருக்கும். உள்ளே ஸ்பிரிங் கட்டிய இரண்டு எடைக்கட்டிகள் இருக்கின்றன, வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கம் விரிந்து இன்னும் 20, 25 டிகிரி சேர்க்கும். அப்புறம் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டையான டப்பா, இன்ஜினின் உறிஞ்சலால் இயங்கும் வாக்குவம் அட்வான்ஸ். அட்வான்ஸ் என்றால் பொறியை இன்னும் முன்னால் விழவைப்பது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது அது மேலும் கொஞ்சம் சேர்த்து மைலேஜைக் காப்பாற்றும். 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் கார்களுக்குக் கொண்டுவந்த பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை, அது திறக்கும் கணத்தில்தான் பொறி விழும்), காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பொறி விழும் அளவுக்கு உயர்த்தும் சுருள்), பேட்டரி ஏற்பாடுதான் இதற்கெல்லாம் அடிப்படை. அடுத்த அறுபது, எழுபது வருடங்கள் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அதை நம்பித்தான் ஓடின.

சரி, காதை நம்பித் திருப்பினால் ஏன் தப்பு? ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெல்ல ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது, சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம், அதிலும் முந்தைய சுற்றில் எரிந்த புகையின் மிச்சம் கலந்திருக்கிறது, அழுத்தமும் குறைவு. இப்படிப்பட்ட கலவை சோம்பலாகத்தான் எரியும். சோம்பலாக எரிவதை எவ்வளவு முன்னால் பற்றவைக்கிறோமோ அவ்வளவு நல்லது, அதனால் நீங்கள் அட்வான்ஸ் பக்கம் திருப்பத் திருப்ப வேகம் ஏறிக்கொண்டே போகும், சத்தம் அழகாகிக்கொண்டே போகும், 20 டிகிரி தாண்டினாலும் இன்ஜின் எதிர்ப்பே காட்டாது. சுமை இல்லாததால் நாக்கிங்கும் வராது. காதுக்கு எல்லாம் பிரமாதம். 8 டிகிரியில் இருக்க வேண்டிய அடிப்படை டைமிங் இப்போது 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்குப் போனதும் எடைக்கட்டிகள் தங்கள் பங்குக்கு 24 டிகிரி சேர்க்கும், மொத்தம் 32 ஆகவேண்டியது 44 ஆகிவிடும். பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறும், இன்னும் எரியாமல் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே ஒரே அடியாகப் பற்றும், அந்த அதிர்ச்சிதான் நாக்கிங். குறைந்த வேகத்தில் ஏற்றத்தில் வந்தால் காதில் விழும், ஆக்ஸிலேட்டரை விடுவோம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வந்தால் காற்றுச் சத்தத்திலும் டயர் சத்தத்திலும் ஒன்றுமே கேட்காது, ஆனால் அங்கேதான் பிஸ்டன் தலை உருகுகிறது, ரிங் உட்காரும் விளிம்பு உடைகிறது, ஹெட் கேஸ்கெட் போகிறது. கழற்றிப் பார்க்கும்போது ஆயிலையும் ரேடியேட்டரையும் குறை சொல்வார்கள், டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் நினைப்பதில்லை.

இதனால் நான் சொல்ல வருவது, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது இந்த வேலையில் கடைசியாகச் செய்ய வேண்டியது. தானாகச் சுற்றிக்கொள்ளும் பொருளில்லை அது, போல்ட் இறுக்கமாக இருந்தால் வைத்த இடத்தில்தான் இருக்கும். டைமிங் மாறியிருக்கிறது என்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடாமல் உடலைத் திருப்பினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடுகிறோம்.

முதலில் மாறுவது பெரும்பாலும் பாயிண்ட் இடைவெளி. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் உள்ள கேம் மேல் உரசிக்கொண்டே இருக்கும் பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் தானாகவே ரிட்டார்டு ஆகும், அதாவது பொறி பின்தங்கும். இடைவெளியைக் கூட்டினால் சீக்கிரம் திறக்கும், அட்வான்ஸ் ஆகும். அதனால் டைமிங் பார்த்துவிட்டு அப்புறம் பாயிண்ட்டைத் தொட்டால் பார்த்த டைமிங் வீண், முதலில் பாயிண்ட், பிறகுதான் டைமிங். நான்கு சிலிண்டர் கார்களில் இடைவெளி பெரும்பாலும் 0.4 மி.மீ. அளவில் இருக்கும், உங்கள் இன்ஜினின் கையேடு சொல்லும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருக்கும், அதில் இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் மேட்டைத்தான் தொடும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். அப்படிப்பட்ட பாயிண்ட்டை மாற்றிவிடுவது மேல், அல்லது பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் ட்வெல் மீட்டர் வைத்துப் பாருங்கள். புதுப் பாயிண்ட் சீக்கிரமே கருகுகிறது என்றால், பாயிண்டில் தீப்பொறி எழாமல் காக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். கேமுக்கு அதற்கென்று உள்ள கிரீஸ் ஒரு துளி வைக்கவேண்டும், இதை மறந்துவிடுவதால்தான் பாதிப் பாயிண்டுகள் சீக்கிரம் தேய்கின்றன.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஆடினால் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், எந்த டைமிங்கும் நிலைக்காது.

அடுத்தது குறி. கிராங்க் புல்லியில் ஒரு வெட்டும் பக்கத்தில் டிகிரிக் கோடுகளும் இருக்கும், சில இன்ஜின்களில் ஃப்ளைவீலில் இருக்கும். அழுக்கைத் துடைத்து, வெட்டின் மேல் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு போடுங்கள். ஆனால் அந்தக் குறியே உண்மை சொல்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பல புல்லிகள் உள்வளையம், ரப்பர், வெளிவளையம் என்று மூன்று அடுக்காக இருக்கும், வயதான ரப்பர் விட்டுக்கொடுத்தால் வெளிவளையம் நகர்ந்துவிடும், குறியும் கூடவே நகர்ந்துவிடும். 10 டிகிரி என்று நினைத்து 20இல் வைத்திருப்பவர்கள் உண்டு. சோதிப்பது கஷ்டமில்லை: பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் ஒன்றை முறுக்கி, கிராங்க்கைக் கையால் மெல்லத் திருப்பிப் பிஸ்டன் தட்டும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு போடுங்கள், எதிர்ப்பக்கம் திருப்பித் தட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில்தான் உண்மையான டாப். ஸ்டாப் உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

இன்ஜினை ஓட விடாமல் டைமிங் வைக்க ஒரு 12 வோல்ட் சோதனை பல்பு போதும். முதல் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்ஜினை அது ஓடும் திசையில் திருப்பினால் காற்று விரலைத் தள்ளும் கட்டம் வரும், அதுதான் கம்ப்ரஷன். அங்கிருந்து மெல்லத் திருப்பிக் குறியைக் கையேடு சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்துக் குறியில் நிறுத்தக் கூடாது, நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கியே வரவேண்டும், இல்லாவிட்டால் டைமிங் செயினின் தொய்வும் கியர் பற்களின் இடைவெளியும் சேர்ந்து சில டிகிரி ஏமாற்றும். பல்பின் ஒரு முனை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயர் பக்கத் திருகில், மறுமுனை எர்த்தில். இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை முதலில் ரோட்டார் (அதன் மூடிக்குள் சுற்றும் பாகம்) சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பிப் பல்பை அணையவிட்டு, பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும், அங்கே இறுக்குங்கள். முடிந்ததும் இக்னிஷனை அணைத்துவிடவேண்டும், பாயிண்ட் மூடிய நிலையில் நேரமாக விட்டால் காயில் சூடாகிக் கெட்டுப்போகும். எந்தத் திசை எது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும்: உடலை ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், ரோட்டாரோடு சேர்த்துத் திருப்பினால் ரிட்டார்டு.

முதல் பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் கிடைத்தால் அதுதான் மேல், ஓடும் இன்ஜினில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடானபின், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, லைட்டின் கிளிப்பை முதல் பிளக் ஒயரில் மாட்டி, வாக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். ஐட்லிங் வேகத்தைக் கையேட்டின் எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகே குறியைப் பார்க்கவேண்டும். பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் 1000 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்திலேயே எடைக்கட்டிகள் விரியத் தொடங்கிவிடும், 1100இல் ஓடவிட்டுப் பார்த்தால் நீங்கள் படிப்பது அடிப்படை டைமிங்கே இல்லை. குழாயைக் கழற்றுவது பொது வழக்கம்தான், எல்லா இன்ஜினுக்கும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த 1600 சி.சி. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சிலவற்றில் இரண்டு வாக்குவம் குழாய்கள் இருக்கும், அவற்றை மாட்டியபடியே டாப்புக்குப் பின் 5 டிகிரியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஐட்லிங் புகையைக் குறைப்பதற்காக. அதனால்தான் கையேடு, கையேடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதையும் எழுதியே ஆகவேண்டும்: டைமிங் லைட் வெளிச்சத்தில் சுற்றும் ஃபேன் நின்றுகொண்டிருப்பது போலவோ மெதுவாகத் திரும்புவது போலவோ தெரியும். தொங்கும் துணி, அவிழ்ந்த முடி, லைட்டின் ஒயர், எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

குறி சரியாக வந்ததும் பெரும்பாலானவர்கள் போல்ட்டை இறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் கோளாறு கண்டுபிடிக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. லைட்டைப் பிடித்தபடியே ஆக்ஸிலேட்டரை மெல்லக் கூட்டுங்கள். குறி தடங்கலில்லாமல் நகர்ந்து, 3000 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்தில் மொத்தம் 30 டிகிரி சொச்சத்தில் போய் நிற்கவேண்டும், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வரவேண்டும். நகரவே இல்லையென்றால் எடைக்கட்டிகள் பழைய கிரீஸும் துருவும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. வண்டி ஐட்லிங்கில் அருமையாக இருக்கும், சாலையில் இழுக்காது, இதைத்தான் காதால் டைமிங் வைக்கிறவர்கள் அட்வான்ஸைக் கூட்டிச் சரிக்கட்டுவார்கள். விரிந்தவை திரும்பி வரவில்லையென்றாலும் அதே பிடிப்புதான், அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. குறி ஒரே வேகத்தில் முன்னும் பின்னும் துள்ளினால் ஷாஃப்ட் புஷ்ஷையும் டைமிங் செயினையும் பாருங்கள்.

வாக்குவம் டப்பாவைச் சோதிக்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டுக் குழாயை வாயால் உறிஞ்சினாலே போதும். உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகரவேண்டும், குழாயின் முனையை விரலால் அடைத்தால் நகர்ந்தபடியே நிற்கவேண்டும். நிற்கவில்லையென்றால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அது மைலேஜைத் தின்பதோடு இன்டேக்கில் காற்றுக் கசிவையும் உண்டாக்கும். இதே இடத்தில் இன்னொரு சின்னக் கோளாறு ஒளிந்திருக்கிறது, இதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்தத் தட்டுக்கு எர்த் கொடுக்கும் ஒரு மெல்லிய பின்னல் ஒயர் உண்டு. தட்டு ஆடி ஆடி அது உள்ளுக்குள் அறுந்துபோய், உறையில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ஐட்லிங்கில் தொட்டுக்கொண்டிருக்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் தட்டு நகர, ஒயர் விலக, இன்ஜின் விக்கும். கார்புரேட்டரைப் பலமுறை கழற்றி மாட்டுவார்கள், குற்றவாளி இந்த விரலளவு ஒயர்.

அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அட்வான்ஸ் கூடிப்போன இன்ஜின், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டரை எதிர்த்து உதைக்கும், ஏற்றத்தில் நாக்கிங் வரும். ரிட்டார்டு ஆன இன்ஜின் மந்தமாக இருக்கும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினாலும் பிக்கப் இருக்காது, தீ சைலன்சர் பக்கம் போகும் வரை எரிந்துகொண்டிருப்பதால் எக்ஸாஸ்ட் அளவுக்கு மீறிச் சூடாகும், தண்ணீரும் கொதிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு ஸ்டார்ட்டே ஆகாமல் கார்புரேட்டர் வழியாகத் தும்மினால் அது ஐந்து, பத்து டிகிரி விவகாரம் இல்லை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று, ஆகவே புல்லிக் குறி சரியாக இருந்தும் நீங்கள் எக்ஸாஸ்ட் கட்டத்து டாப்பில் மாட்டியிருக்கலாம், 180 டிகிரி மாறியிருக்கும். அல்லது பிளக் ஒயர்கள் மாறியிருக்கும், பல நான்கு சிலிண்டர் இன்ஜின்களுக்கு வரிசை 1-3-4-2, சிலவற்றுக்கு 1-2-4-3.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய கையேடுகளின் எண்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. நாக்கிங்கை அடக்கும் என்று 1921இல் கண்டறியப்பட்ட அந்த ஈயச் சேர்மம், 2021இல் கடைசி நாடும் கைவிட்டபின் சாலை வண்டிகளின் பெட்ரோலிலிருந்து முற்றிலுமாக மறைந்தது. நல்ல விஷயம்தான், மூச்சில் ஈயம் போகாமல் இருப்பது எந்தக் காரையும்விடப் பெரிது. ஆனால் கையேடு கேட்கும் ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால் டைமிங்கை 2, 3 டிகிரி ரிட்டார்டு செய்துதான் ஓட்டவேண்டும். ஆக்டேன் எண்ணைச் சில நாடுகளில் ஒரு முறையிலும் சில நாடுகளில் வேறு முறையிலும் அச்சிடுகிறார்கள், ஒரே பெட்ரோலுக்கு 4, 5 எண் வித்தியாசம் வரும், ஒப்பிடும்போது அதைக் கவனியுங்கள்.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டவர்களுக்கு: பாயிண்ட் தேய்மானம் போயிற்று, எடைக்கட்டியும் டயஃப்ரமும் அதே பழையவைதான், அவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த பிறகும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்திருந்த கார்களில், கையேடு சொல்லும் இரண்டு முனைகளை இணைத்துக் கம்ப்யூட்டரைச் சும்மா இருக்கச் செய்துவிட்டுத்தான் பல மாடல்களில் அடிப்படை டைமிங் பார்க்கமுடியும், இல்லையென்றால் நீங்கள் திருப்பத் திருப்ப அது தன் பங்குக்குச் சரிசெய்துகொண்டே இருக்கும்.

அந்த வாசகருக்கு என் பதில்: உங்களுக்கு ஒரே நேரத்தில் இழுவையும் இல்லை, நாக்கிங்கும் இருக்கிறது. அப்படியென்றால் யாரோ ஏற்கெனவே காதால் அட்வான்ஸைக் கூட்டியிருக்க அதிக வாய்ப்பு, அதற்குக் காரணம் எடைக்கட்டிகள் பிடித்துக்கொண்டிருப்பதாகவோ, பாயிண்ட் தேய்ந்ததாகவோ இருக்கலாம். மூடியைக் கழற்றி, ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் போலத் துள்ளித் தன்னிடத்துக்குத் திரும்பவேண்டும். திரும்பவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, துளி எண்ணெய் விட்டு, பாயிண்ட் வைத்து, அப்புறம் மேலே சொன்னபடி டைமிங் பாருங்கள். சாலையில் டாப் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள், நாக்கிங் கேட்டால் 2 டிகிரி ரிட்டார்டு செய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். 6 டிகிரி குறைத்தும் நிற்கவில்லையென்றால் பிரச்சினை டைமிங்கில் இல்லை, சிலிண்டருக்குள் கரி படிந்திருக்கலாம், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம், பிளக் சூட்டு அளவு மாறியிருக்கலாம்.

ஆசிரியர் அவர்களே, அந்த இரண்டு வரிப் பதிலை நம்பி இந்நேரம் எத்தனை பேர் ஸ்பேனரை எடுத்தார்களோ தெரியாது, அதனால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் இதையும் சேர்த்துப் போடுங்கள்: புதுப் பாயிண்ட்டின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் அதிகமாகத் தேயும், 500 கி.மீ. ஓடியதும் இடைவெளியையும் டைமிங்கையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர்